லண்டனில் பட்டாபிஷேகம், எங்கள் பட்டாலையில் பணியாரம்

நேயர்களுக்கு வணக்கம்.

தெருவுக்கு ஒரு டி.வி. இருந்த காலத்தில் யாரையும் அழைக்க வேண்டியதில்லை. கூட்டம் தானாக வரும். வாசலில் கிடக்கிற செருப்பை எண்ணித்தான் உள்ளே எத்தனை பேர் என்று தெரிந்துகொள்வோம். இப்போது ஆளுக்கொரு போன். எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து ஒன்றைப் பார்க்க வேண்டுமானால், கல்யாணத்துக்குச் சொல்வது போல வீடு வீடாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்படிச் சொல்லிக் கூட்டி நான் நடத்தியது ஒன்றே ஒன்று. 2023 மே 6, சனிக்கிழமை, சித்ரா பௌர்ணமிக்கு மறுநாள். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் சார்லஸின் முடிசூட்டு விழா. பார்த்த இடம், கானாடுகாத்தான் பக்கத்தில் எங்கள் பெரிய வீடு.

காரணம் பெரியாத்தா. என் அம்மாவுக்கு அக்கா. அப்போது வயது 83. சின்ன வயதில் பினாங்கில் இருந்தவர். 1953 ஜூன் 2-ஆம் தேதி எலிசபெத் ராணிக்கு முடிசூட்டியதை அங்கே ஒரு கடை ரேடியோவைச் சுற்றி நின்று கேட்டவர். "ஒண்ணும் புரியலை, பாட்டும் மணியும்தான் கேட்டுச்சு" என்பார். அந்த ராணி படம் போட்ட பிஸ்கட் டப்பா ஒன்று இன்னும் அவர் அலமாரியில் இருக்கிறது. மூடி நசுங்கி, ராணியின் ஒரு கண்ணும் மூக்கும் தேய்ந்து தகரம் தெரியும். உள்ளே எப்போதும் தேன்குழல். அன்று அம்மாவின் விழாவுக்கு நாலு வயதுப் பிள்ளையாக வந்து நின்றவருக்குத்தான் இப்போது 74 வயதில் மகுடம் என்று சொன்னதும், "அப்படின்னா பீமரத சாந்தியே முடிஞ்சிருக்குமே! அன்னிக்குக் கேட்டதை இப்பப் பாத்துட்டுப் போறேன்" என்றார். அதற்கு மேல் என்ன காரணம் வேண்டும்?

விழா அங்கே காலை 11 மணி, நமக்குப் பிற்பகல் மூன்றரை. பலகார நேரம், இதைவிடத் தோதான நேரம் கிடைக்காது. ஆனால் செட்டிநாட்டு வீட்டில் மே மாதத்து மூன்றரை மணிக்கு ஒரு தொல்லை உண்டு. வளவில் டி.வி.யை வைத்தால், மேலே திறந்த இடம் வழியாக வெயில் இறங்கித் திரையில் நம் முகம்தான் தெரியும். முந்தின நாளே வைத்துப் பார்த்தது நல்லதாகப் போயிற்று. முன்பக்கக் கூடமான முகப்புப் பட்டாலைக்கு மாற்றி, எதிர் ஜன்னலில் ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டோம். கேபிள் வயர் எட்டவில்லை. இன்னும் பத்தடி வாங்கி ஒட்டுப்போட வேண்டியிருந்தது. பெரியவர்களுக்கு மட்டும் நாற்காலி. மற்றவர்களுக்கு ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, அந்த வெயிலுக்கு அதைவிடச் சுகம் இல்லை.

அப்புறம் பலகாரம். சென்னையிலிருந்து வந்திருந்த என் தங்கை மகள், அரண்மனையே இந்த விழாவுக்கென்று வெளியிட்ட குறிப்பைக் காட்டினாள். கீரை, மொச்சை மாதிரி ஒரு பயறு, சீஸ், முட்டை எல்லாம் போட்டு வேகவைக்கிற ஒரு வகை அடை. எங்களிடம் ஓவன் அடுப்பு கிடையாது. சனிக்கிழமை, பாதிப் பேர் முட்டை தொட மாட்டார்கள். 1953-இல் செய்த விருந்தில் ஆறவைத்த கோழியைக் கறிப்பொடி கலந்த குழம்பில் போட்டுக் கொடுத்தார்களாம். கறிப்பொடி இங்கிருந்து போனதுதானே, அதை நாம் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இதில் நான் படித்துக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. வந்தவர்கள் திரையைப் பார்த்தபடி ஒரு கையால் எடுத்துச் சாப்பிடுகிற பண்டமாக இருக்க வேண்டும். சீப்புச்சீடை, மாவுருண்டை, தேன்குழல் மூன்றும் இரண்டு நாள் முன்பே ஆயிற்று. சூடாக ஒன்றாவது வேண்டும் என்று அண்ணமிண்டி (எங்கள் பக்கம் அண்ணியை அப்படித்தான் சொல்வோம்) பிடிவாதம் பிடித்ததால் வெள்ளைப் பணியாரம். ஆழாக்கில் பச்சரிசியைத் தலைதட்டி, அதன்மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவித்தால் எவ்வளவு நிற்குமோ அவ்வளவுதான் உளுந்து. வெண்ணெய் போல அரைத்து, கரண்டியால் எண்ணெயில் ஒவ்வொன்றாக ஊற்ற வேண்டும். ஒவ்வொன்றாக! நாற்பது பேருக்கு அதைச் சுடுகிறவர் விழாவையே பார்க்க முடியாது. ஆகவே ஓர் ஏற்பாடு செய்தோம். பேராயர் பிரசங்கம் ஆரம்பித்ததும் அடுப்பைப் பற்றவைப்பது, பிரசங்கம் முடிந்ததும் அணைப்பது. எல்லா விழாவிலும் இப்படி ஓர் இடைவெளி கிடைக்கும். வரமிளகாய்த் துவையலோடு முதல் ஈடு சுடச்சுட வந்தது.

எதிர்வீட்டு வாத்தியார், ஓய்வு பெற்றவர், வரும்போதே குத்தலாகத்தான் வந்தார். "வெள்ளைக்காரனை அனுப்பி எழுபத்தைந்து வருஷம் ஆச்சு, இப்ப பணியாரம் சுட்டு வேடிக்கை பாக்குறீகளா?" நியாயமான கேள்விதான். அன்று காலை லண்டனிலேயே மன்னராட்சி வேண்டாம் என்று போராட வந்தவர்கள் சிலரைக் கைது செய்திருந்தார்கள். அந்தச் செய்தியையும் நாங்கள் மறைக்கவில்லை. வாத்தியார் கடைசிவரை இருந்தார். அவர் கண் முழுக்கக் கோஹினூர் மேலேயே இருந்தது. கமிலா ராணி சூடிய கிரீடத்தில் அது இல்லை என்றதும், "வைக்கக் கூச்சமா இருந்திருக்கும்" என்று இரண்டாவது பணியாரத்தை எடுத்துக்கொண்டார்.

ஆங்கில வர்ணனையைக் கொஞ்ச நேரத்தில் குறைத்துவிட்டோம். எங்கள் பெண்டுகள் சொன்ன வர்ணனை மேலாக இருந்தது. மன்னர் உறுதிமொழி சொல்லிவிட்டுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். "இசைகுடிமானம் எழுதுறாக" என்றார் அண்ணமிண்டி. எங்கள் நகரத்தார் கல்யாணங்களில் எழுதிக் கையெழுத்திடுகிற ஏடு அது. பிறகு மேலங்கியைக் கழற்றி, மன்னரை வெறும் சட்டையோடு உட்கார வைத்து, சுற்றிலும் திரை பிடித்தார்கள். எண்ணெய் பூசுவதை மட்டும் யாருக்கும் காட்டுவதில்லை. 1953-லும் கேமராவுக்கு அனுமதி இல்லை. தங்கை மகளுக்கு ஏமாற்றம். பெரியாத்தா அவளை அதட்டினார்: "கோயில்லயும் திரை போட்டுத்தானே அலங்காரம்? தொறப்பாக, இரு."

அந்த எண்ணெய் ஜெருசலேமில் மந்திரித்த ஆலிவ் எண்ணெய். எள், ரோஜா, மல்லிகை, பட்டை எல்லாம் வாசனைக்குச் சேர்த்தது. அதை ஊற்றுகிற கரண்டி 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பேராயர் இரண்டு விரலால் தொட்டெடுக்கத் தோதாக அதன் குழியை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். எள்ளும் மல்லிகையும் என்று படித்துச் சொன்னதும் பெண்டுகள் எல்லாரும் ஒருமுறை தலையாட்டினார்கள். பட்டம், அபிஷேகம் என்ற இரண்டையும் சேர்த்துத்தானே பட்டாபிஷேகம் என்கிறோம். அதற்கப்புறம் அவர்களுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நாலரை ஆகப்போகிறது. பேராயர் கிரீடத்தைக் கையில் எடுக்கப்போகிறார். கரண்ட் போயிற்று.

இன்வர்ட்டர் விளக்குக்கும் விசிறிக்கும் மட்டும்தான். டி.வி.யை அதில் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் இப்படிக் கூட்டுவதாக இருந்தால் இதை முதலில் பாருங்கள். ஆளாளுக்குப் போனை எடுத்தார்கள், ஒரே நேரத்தில் எடுத்ததால் எல்லாம் சுற்றிக்கொண்டே நின்றது. அந்த இருட்டுத் திரைக்கு முன்னால் பெரியாத்தா பேச ஆரம்பித்தார்.

"காவிரிப்பூம்பட்டினத்துல சோழ ராசாவுக்கு மகுடம் எடுத்து வைக்கிறது நம்மவுகதான், தெரியும்ல?" பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒரு ராஜா நம் பெண்டுகளிடம் முறைதவறி நடந்தான். மானத்துக்கு அஞ்சி எல்லாக் குடும்பமும் உயிரை விட்டது. குருவிடம் ஒப்படைத்திருந்த 1,502 ஆண்பிள்ளைகள் மட்டும் மிச்சம். பிறகு அடுத்த ராஜாவுக்கு முடிசூட்ட வேண்டும். சூட்டுகிறவர் கல்யாணமானவராக இருக்க வேண்டும் என்பது முறை. பையன்கள் யாருக்கும் ஆகவில்லை. அதற்காகவே வேளாளர் வீட்டுப் பெண்களைக் கட்டிவைத்தார்கள். கதையா வரலாறா என்று என்னைக் கேட்காதீர்கள். எங்கள் வீடுகளில் தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். பெரியாத்தா சொன்னபோது யாரும் போனைப் பார்க்கவில்லை. அதை நான் கவனித்தேன்.

கரண்ட் வந்தபோது மன்னர் தலையில் கிரீடம் ஏறிவிட்டது. 1661-இல் செய்தது, எடை 2 கிலோவுக்கு மேல். நல்லவேளை, திரும்பக் காட்டினார்கள். பேராயர் அழுத்திவிட்டு, குனிந்து, கோணலாக இருக்கிறதா என்று முகத்துக்கு நேரே பார்க்கிறார். "நல்லாத்தான் வச்சிருக்காக, இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பியிருக்கலாம்" என்றார் பெரியாத்தா. முடிசூட்டும் பரம்பரை என்று இப்போதுதான் சொன்னவர், குறை சொல்ல உரிமை இருக்கிறதே.

மன்னரும் ராணியும் கோச்சு வண்டியில் அரண்மனைக்குப் போகையில் லண்டனில் மழை. விழா நடந்த தேவாலயத்துக்குள் சுமார் 2,200 பேர் இருந்தார்களாம். "அத்தனை பேருக்கும் பந்தி எங்க?" என்று அண்ணமிண்டி கேட்டுக்கொண்டே இருந்தார். பந்தியைக் காட்டவே இல்லை. உப்பரிகையில் வந்து அவர்கள் கையசைத்தபோது இங்கே விளக்கு வைத்தாயிற்று. பாதிப் பேர் கிளம்பியிருந்தார்கள்.

பெரியாத்தா மட்டும் தங்கை மகளைக் கூப்பிட்டு ஒன்று கேட்டார். "இந்த ராசா படம் போட்ட டப்பா கடையில வருமாத்தா? இருக்கிறது தேன்குழலுக்கே சரியாப் போகுது. மாவுருண்டைக்கு ஒண்ணு வேணும்."

வணக்கம்.