ஹாஜி எங்கே கோச் ஆனார்?

எல்லாருக்கும் வணக்கம். ருமேனியக் கால்பந்து வீரர் கியோர்கே ஹாஜியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதுமே முன்வரிசையில் ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே தன் இடது காலைத் தட்டிக் காட்டினார். சரி, அந்தக் காலிலிருந்தே தொடங்குவோம். ஆனால் நான் இன்றைக்குப் போய்ச் சேர நினைக்கும் இடம் வேறு.

1994 ஜூன் 18, அமெரிக்காவில் ரோஸ் பௌல் மைதானம். உலகக்கோப்பையில் ருமேனியாவுக்கு முதல் ஆட்டம், எதிரே கொலம்பியா. அந்தக் கொலம்பியா சாதாரண அணி இல்லை, கோப்பையை வெல்லக்கூடிய அணி என்று பெலேயே சொல்லியிருந்தார். 34ஆவது நிமிடம். ஹாஜி இடது ஓரத்தில், எல்லைக்கோட்டுக்குக் கொஞ்சம் உள்ளே நிற்கிறார். கோல் ரொம்பத் தூரத்தில் இருக்கிறது, அங்கிருந்து யாரும் அடிக்க மாட்டார்கள். ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார், அடித்தார். பந்து உயர எழும்பி, கொஞ்சம் முன்னால் வந்து நின்ற கோல்கீப்பர் ஆஸ்கர் கோர்டோபாவின் தலைக்கு மேலே போய், கீழே இறங்கி, அந்தப் பக்கக் கம்பத்தை ஒட்டி வலைக்குள் விழுந்தது. கோல் முன்னால் நிற்கும் சக வீரருக்குக் கிராஸ் போடப் பார்த்தார், அது தவறிக் கோலாகிவிட்டது என்று அப்போது சொன்னவர்களும் உண்டு. நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ரியல் மாட்ரிட்டில் இருந்தபோது ஒசாசூனாவுக்கு எதிராக மைதானத்தின் நடுவிலிருந்தே அடித்து கோல் போட்டவர் அவர். கோல்கீப்பர் எங்கே நிற்கிறார் என்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஆள். கண்ணும் காலும் சேர்ந்து வேலை செய்த அடி அது.

இப்படிப்பட்ட ஒருவர் எப்படி உருவானார்? இதை நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் கதைக்கு இதுதான் அடித்தளம்.

1965 பிப்ரவரி 5 அன்று, கருங்கடல் ஓரத்தில் உள்ள கான்ஸ்டான்ட்சா மாவட்டத்தில் சசேலே என்ற கிராமத்தில் பிறந்தார். அரோமேனியர் என்ற சிறுபான்மைச் சமூகத்துக் குடும்பம். உள்ளூர்த் துறைமுக நகரத்தின் கிளப் ஃபாருல். ஃபாருல் என்றால் ருமேனிய மொழியில் கலங்கரை விளக்கம். அந்தக் கிளப்பின் சிறுவர் அணியில் ஆடிக்கொண்டிருந்த பையனை 1980இல் ருமேனியக் கால்பந்துச் சம்மேளனம் தேர்ந்தெடுத்து, தலைநகர் புக்கரெஸ்டில் லுசாஃபருல் என்ற அணிக்கு அனுப்பியது. நாடு முழுக்கத் தேடிப் பொறுக்கியெடுத்த பையன்களை ஒரே இடத்தில் வைத்துப் பயிற்சி கொடுத்த அணி அது. அங்கே 2 வருடம். அப்புறம் ஊருக்குத் திரும்பி 1982இல் ஃபாருல் பெரியவர் அணியில் ஆடினார், வயது 17. அடுத்த வருடமே மீண்டும் புக்கரெஸ்ட், இந்தத் தடவை ஸ்போர்ட்டுல் ஸ்டுடென்ட்செஸ்க் என்ற கிளப். அதே 1983இல், 18 வயதில் தேசிய அணி. அந்த வாய்ப்பைக் கொடுத்த பயிற்சியாளர் மிர்ச்சா லுசெஸ்கு. அந்தப் பெயரை நினைவில் வையுங்கள், திரும்ப வரும்.

அது சௌசெஸ்குவின் சர்வாதிகார ஆட்சிக் காலம். எந்த வீரர் எந்தக் கிளப்பில் ஆடுவார் என்பது வீரரின் கையில் மட்டும் இல்லை. ராணுவத்தின் கிளப்பான ஸ்டியாவா 1986இல், இன்றைய சாம்பியன்ஸ் லீக்கின் பழைய வடிவமான ஐரோப்பியக் கோப்பையை வென்றுவிட்டு, 1987 பிப்ரவரியில் மொனாக்கோவில் டைனமோ கீவ் அணியோடு ஐரோப்பிய சூப்பர் கோப்பைக்காக மோதியது. அந்த ஒரே ஒரு ஆட்டத்துக்காக ஹாஜியை வாங்கிக்கொண்டு போனார்கள். ஆட்டம் 1-0, அந்த ஒரு கோல் ஹாஜியின் ஃப்ரீகிக். அதற்குப் பிறகு அவரைத் திருப்பி அனுப்பவே இல்லை! ஸ்டியாவாவிலேயே இருந்தார். 1989இல் அந்த அணியோடு பார்சிலோனா மைதானத்தில் ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம் வரை போய், மிலானிடம் 4-0 என்று தோற்றார். அந்த டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்தது. கதவு திறந்ததும் நல்ல வீரர்கள் எல்லாரும் வெளியே போனார்கள். ஹாஜி 1990 உலகக்கோப்பை முடிந்த கையோடு ரியல் மாட்ரிட் போனார்.

மாட்ரிட்டில் 2 வருடம், பின்னால் பார்சிலோனாவில் பயிற்சியாளர் க்ரைஃபின் கீழ் 2 வருடம். இந்த இரண்டையும் நான் வேகமாகத் தாண்டிப் போகிறேன், ஏனென்றால் இரண்டிலும் ஹாஜி முழு ஹாஜியாக இருந்ததில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஊர் இருக்கிறது, அதுதான் எனக்குப் பிடித்தது. இத்தாலியில் ப்ரேஷா. சிறிய கிளப். லுசெஸ்கு அங்கே பயிற்சியாளராக இருந்தார், ருமேனியர்களைச் சேர்த்து அணி கட்டினார், ஹாஜியையும் கூப்பிட்டார். முதல் வருடமே அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிட்டது. மாட்ரிட்டில் ஆடியவர், தேசிய அணியின் கேப்டன், கிளம்பிப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். போகவில்லை. இரண்டாம் பிரிவிலேயே ஒரு பருவம் ஆடி அணியை மேலே ஏற்றிவிட்டார். அங்கிருந்துதான் நேராக அந்த 1994 உலகக்கோப்பைக்குப் போனார். கொலம்பியாவுக்கு எதிராக அந்த கோலைப் போட்ட ஆள், முந்தின மாதம் வரை இரண்டாம் பிரிவு ஆட்டக்காரர்!

அந்த உலகக்கோப்பையில் அர்ஜென்டினாவை ருமேனியா 3-2 என்று வென்ற ஆட்டத்தை இங்கே பார்த்தவர்கள் கை தூக்குங்கள்... பரவாயில்லையே, நிறையப் பேர் விழித்திருந்திருக்கிறீர்கள். முன்கள வீரர் ரடுச்சோயு தடையில் இருந்ததால், பயிற்சியாளர் யொர்டனெஸ்கு டுமிட்ரெஸ்குவை முன்னால் நகர்த்தினார். டுமிட்ரெஸ்குவுக்கு 2 கோல். இரண்டாவது கோலுக்கு ஹாஜி கொடுத்த பாஸ், மூன்றாவதற்கு டுமிட்ரெஸ்கு ஹாஜிக்குத் திருப்பிக் கொடுத்த பாஸ். காலிறுதியில் ஸ்வீடனிடம் பெனால்டியில் தோற்றார்கள். ருமேனியா அதுவரை போகாத தூரம் அது.

1996இல் இஸ்தான்புல்லின் கலாடசராய். வயது 31, பலரும் ஹாஜி முடிந்துவிட்டார் என்று எண்ணினார்கள். அங்கே தொடர்ந்து 4 லீக் பட்டம். 2000 மே 17, கோபன்ஹேகனில் யுஇஎஃப்ஏ கோப்பை இறுதியாட்டம், எதிரே ஆர்சனல். கோல் விழவில்லை. கூடுதல் நேரத்தில் ஹாஜி டோனி ஆடம்ஸோடு மல்லுக்கட்டி சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனார். 10 பேராக ஆடித் தாக்குப்பிடித்த அணி பெனால்டியில் 4-1 என்று வென்றது. ஐரோப்பிய அளவிலான போட்டியில் துருக்கிக் கிளப் ஒன்றுக்குக் கிடைத்த முதல் கோப்பை அது. கடைசிப் பெனால்டியை உதைத்தவர் கியோர்கே போபெஸ்கு, இவரும் ருமேனியர். ஹாஜிக்கு இவர் சகலை, இரண்டு பேரின் மனைவிமாரும் அக்கா தங்கை. இவரும் பின்னால் வருவார்.

அந்தச் சிவப்பு அட்டையை நான் மறைக்க விரும்பவில்லை. அடுத்த மாதமே ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோ 2000 போட்டியின் காலிறுதியில் இத்தாலிக்கு எதிராக இன்னொரு சிவப்பு அட்டை. தேசிய அணிக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டம் அது, 35 கோல் போட்ட ஒரு பெரிய வீரர் தலை குனிந்து வெளியே நடந்து போவதோடு முடிந்தது. கோபக்காரர். தன்னைப்போல மற்றவர்கள் ஆடவில்லை என்றால் பொறுக்காது. ஆட்டக்காரருக்கு அந்தக் கோபம் சில நாள் உதவும். கோச்சுக்கு?

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

2001இல் ஆட்டத்தை விட்டார். அதே வருடம் தேசிய அணியையே அவர் கையில் கொடுத்தார்கள். அனுபவம் ஒரு நாள்கூட இல்லை. உலகக்கோப்பைத் தகுதிக்கான கடைசித் தடையில் ஸ்லோவேனியாவிடம் அங்கே 2-1 தோல்வி, புக்கரெஸ்டில் 1-1, கதை முடிந்தது. 1990, 94, 98 என்று மூன்று உலகக்கோப்பைக்கு அவர் கூட்டிப்போன நாடு, அவர் கோச்சாக இருந்தபோது போகவில்லை. அவருக்கு அது எப்படி வலித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்புறம் பர்சாஸ்போர், கலாடசராய், டிமிஷோரா, ஸ்டியாவா, மறுபடி கலாடசராய் என்று கிளப் கிளப்பாகக் கோச் வேலை. நல்லதும் நடந்தது: 2005இல் துருக்கிக் கோப்பை இறுதியாட்டத்தில் பரம வைரி ஃபெனர்பாசேவை 5-1 என்று வென்றார்கள், இஸ்தான்புல்லில் அதை இன்றைக்கும் பேசுவார்கள். ஆனால் எங்கேயும் அவர் நிலைத்து நிற்கவில்லை. ஸ்டியாவாவில் சில மாதம்தான், சாம்பியன்ஸ் லீக் பிரிவுச் சுற்றுக்கு அணியைக் கொண்டுபோன கையோடு பதவியை விட்டு விலகினார். 2011 மார்ச்சில் கலாடசராயிலிருந்து இரண்டாவது முறையாக வெளியே வந்தார்.

பெரிய ஆட்டக்காரர், கோச்சாகத் தேறவில்லை என்று எழுதிவிட்டார்கள். அந்த வரைக்கும் பார்த்தால் அது உண்மைதான். என் கணிப்பு இது: வேறு யாரோ வளர்த்த, 25, 28 வயதான ஆட்களைக் கையில் கொடுத்து மூன்று மாதத்தில் ஜெயித்துக் காட்டு என்றால் ஹாஜியால் முடியாது. தான் பார்ப்பதை அவர்கள் ஏன் பார்ப்பதில்லை என்பது அவருக்குப் புரியாது. பார்க்கப் பழக்க வேண்டும் என்றால் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே ஆரம்பிக்க வேண்டும்.

அதை அவர் 2009இலேயே ஆரம்பித்துவிட்டார். கான்ஸ்டான்ட்சாவுக்குப் பக்கத்தில் ஓவிடியு என்ற சின்ன ஊர். ரோமானியக் கவிஞர் ஓவிட் நாடுகடத்தப்பட்டு இந்தக் கரையில்தான் வாழ்ந்து செத்தார், அவர் பெயர்தான் ஊருக்கு. அந்த ஊரில் தன் சொந்தப் பணத்தைப் போட்டு ஒரு அகாடமி தொடங்கினார், கூடவே ஒரு கிளப். பெயர் வீட்டோருல். அர்த்தம், எதிர்காலம். லுசாஃபருலில் அரசாங்கச் செலவில் தனக்குக் கிடைத்த அந்த ஏற்பாடு, பழைய ஆட்சியோடு சேர்ந்து நாட்டில் தேய்ந்துபோயிருந்தது. அதைத் தனி ஆளாகத் திருப்பிக் கட்ட முயன்றார் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

கிளப் 2012இல் முதல் பிரிவுக்கு வந்தது. 2014இல் ஹாஜியே கோச்சானார். அந்த வருடம் அவர் அகாடமிப் பையன் கிறிஸ்டியன் மானியா 16 வயதிலேயே தேசிய அணிக்கு ஆடினான், ருமேனியாவில் அவ்வளவு சின்ன வயதில் அதுவரை யாரும் ஆடியதில்லை. ஹாஜியின் மகன் யானிஸும் அங்கேதான் வளர்ந்தான், புக்கரெஸ்டிலிருந்து வந்த ரஸ்வான் மாரினும் அங்கேதான். வீரர்களை வளர்ப்பது, ஆடவைப்பது, விற்பது, அந்தப் பணத்தில் அடுத்த பையன்களை வளர்ப்பது. இப்படி ஒரு அணி பட்டம் வெல்லும் என்று யாரும் நினைக்கவில்லை.

2017 மே மாதம் வென்றது! புக்கரெஸ்டின் எஃப்சிஎஸ்பி அணிக்கும் வீட்டோருலுக்கும் கடைசியில் சமப் புள்ளி, நேருக்கு நேர் ஆடிய ஆட்டங்களின் கணக்கில் வீட்டோருல் முன்னால். எதிர்த்தரப்பு விளையாட்டு நடுவர் மன்றம் வரை போனது, பட்டம் மாறவில்லை. தொடங்கி 8 வருடமே ஆன கிளப், பெரும்பாலும் விடலைப் பையன்கள். 2019இல் ருமேனியக் கோப்பையும் கிடைத்தது. கோபக்கார ஹாஜி எங்கே போனார் என்று கேட்பீர்கள். எங்கேயும் போகவில்லை, ஓரக்கோட்டில் அதே சத்தம்தான். ஆனால் இந்தப் பையன்கள் அந்தச் சத்தத்திலேயே வளர்ந்தவர்கள், எது கோபம் எது பாடம் என்று அவர்களுக்குத் தெரியும்.

2021இல் இன்னொன்று நடந்தது. பழைய ஃபாருல் கிளப்போடு வீட்டோருல் இணைந்தது. ஹாஜி, சகலை போபெஸ்கு, முன்னாள் வீரர் சிப்ரியான் மாரிகா மூவரும் சேர்ந்து செய்த ஏற்பாடு. தான் தொடங்கிய கிளப்பின் பெயர் போனாலும் பரவாயில்லை, ஊரின் பெயர் இருக்கட்டும் என்று விட்டுக்கொடுத்தார், எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது. 2023 மே 21, ஓவிடியு மைதானம், எதிரே மறுபடியும் எஃப்சிஎஸ்பி, ஜெயித்தால் பட்டம். 0-2 என்று பின்தங்கினார்கள். அங்கிருந்து எழுந்து 3-2. ஃபாருல் என்ற பெயருக்கு அதுதான் முதல் லீக் பட்டம். 17 வயதில் அந்தச் சட்டையைப் போட்டவர், 58 வயதில் அதற்கு அந்தப் பட்டத்தை வாங்கிக் கொடுத்தார்.

முடிக்கும் முன் ஒரே ஒரு காட்சி. 2024 ஜூன் 26, ஃப்ராங்க்ஃபர்ட், யூரோ போட்டி. ருமேனியா ஸ்லோவாக்கியாவிடம் 0-1 என்று பின்தங்கியிருந்தது. ஹாஜி சிவப்பு அட்டையோடு வெளியேறிய அந்த யூரோ 2000க்குப் பிறகு, 24 வருடமாக ருமேனியா யூரோவில் முதல் சுற்றைத் தாண்டியதே இல்லை. யானிஸ் ஹாஜி பந்தோடு உள்ளே புகுந்தான், தடுப்பாட்டக்காரர் இடித்துத் தள்ளினார், வீடியோவைப் பார்த்துப் பெனால்டி கொடுத்தார்கள். 37ஆவது நிமிடம். உதைக்க நடந்து வந்தவன் ரஸ்வான் மாரின், அதே ஓவிடியு மைதானத்தில் யானிஸோடு சேர்ந்து வளர்ந்த பையன். கோல். ஆட்டம் 1-1. பிரிவில் முதலிடம் பிடித்து ருமேனியா அடுத்த சுற்றுக்குப் போனது.

நன்றி. கேள்வி இருந்தால் கேளுங்கள், அந்தப் பெரியவரிலிருந்தே ஆரம்பிக்கலாம்.