தெருமுனைக் கடையின் நோட்டுப்புத்தகம்

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

பிலிப்பைன்ஸ் என்றால் இங்கே பலருக்கும் மருத்துவப் படிப்புதான் நினைவுக்கு வரும். நம் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே போய்ப் படிக்கிறார்கள். நான் பேச வந்தது அங்கே உள்ள ஒரு தெருவைப் பற்றி. மணிலாப் பெருநகரத்தின் கிழக்கு ஓரத்தில், ஆற்றங்கரையில், மரிகினா என்று ஒரு நகரம் இருக்கிறது. என் கணவரின் வேலையால் 2014 முதல் 2021 வரை அந்த ஊரில் ஒரே தெருவில் குடியிருந்தோம்.

அங்கே ஒரு வீட்டு வாசலில் போய் நின்றால், 'தாவோ போ' என்று குரல் கொடுக்க வேண்டும். 'தாவோ' என்றால் மனிதர். 'போ' என்பது மரியாதைச் சொல். நம் காதுக்கு விரட்டுவது போல் ஒலித்தாலும், நாம் சொல்லும் 'ங்க'தான் அது. ஆக, 'மனுசங்க வந்திருக்கோம்' என்று அறிவித்துவிட்டுத்தான் கதவருகே போகிறார்கள். பேய் பிசாசு இல்லை, மனிதர்தான் என்று தெரிவிக்க வந்த வழக்கம் இது என்று பெரியவர்கள் சொல்வார்கள். வயதில் மூத்த பெண் ஆத்தே, மூத்த ஆண் குயா. அக்கா, அண்ணன் மாதிரி. கடைக்காரர், வண்டிக்காரர், முன்பின் தெரியாதவர், எல்லோரையும் இப்படி முறை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். நான் போய் இறங்கிய இரண்டாம் நாளே ஒரு சின்னப் பையன் என்னை 'ஆத்தே' என்றான். அந்தத் தெருவில் எனக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டதாக அப்போதே தோன்றியது.

எங்கள் தெருமுனையில் ஒரு சாரி-சாரிக் கடை இருந்தது. சாரி-சாரி என்றால் பலதும் கலந்தது என்று பொருள். வீட்டின் முன்னறையையே கடையாக்கி, கம்பிவலை போட்டு, அதில் கை நுழையும் அளவுக்கு ஒரு சின்னத் திறப்பு வைத்திருப்பார்கள். 'பாபிலி போ' என்று கூப்பிட்டால் உள்ளிருந்து ஆள் வரும். எதையும் முழுதாக வாங்க வேண்டியதில்லை. ஒரு பல் பூண்டு, ஒரு சிகரெட், ஒரு ஷாம்பூ பாக்கெட், பிளாஸ்டிக் பையில் முடிந்த கொஞ்சம் எண்ணெய். இந்தச் சில்லறை வாங்கலுக்குத் 'திங்கி' என்று பெயர். முழுப் புட்டி வாங்கினால் மலிவுதானே என்று கணக்குப் பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அன்றன்றைக்குக் கூலி வாங்குபவர் கையில் முழுப் புட்டிக்கான காசு ஒருநாளும் சேர்ந்தாற்போல் இருப்பதில்லை. அந்தக் கடை இல்லையென்றால் அவர் வீட்டில் அன்றைக்குத் தாளிப்பு இல்லை.

கம்பிவலைக்கு மேலே ஓர் அட்டை தொங்கும். இன்று கடன் கிடையாது, நாளைக்கு உண்டு. நம் ஊர்ப் பெட்டிக்கடைகளில் 'இன்று ரொக்கம் நாளை கடன்' என்று பார்த்து வளர்ந்த எனக்கு, அதைப் படித்துச் சொன்னபோது கண் நிறைந்துவிட்டது. அட்டை இருந்தாலும், உள்ளே ஒரு நோட்டுப்புத்தகமும் இருந்தது. அதற்கு 'லிஸ்தா' என்று பெயர். யார், எவ்வளவு, என்றைக்கு வாங்கினார்கள் என்பதெல்லாம் அதில்.

அந்தக் கடை வாசல்தான் தெருவின் செய்தி அறை. காலையில் தாஹோக்காரர் மூங்கில் காவடியில் இரண்டு அலுமினிய வாளிகளோடு நீட்டிக் கூவிக்கொண்டு வருவார். சுடச்சுட இளஞ்சோயாக்கட்டி, வெல்லப்பாகு, ஜவ்வரிசி. அதை வாங்க நிற்கும்போதே பாதிச் செய்தி வந்துவிடும். யார் மகள் துபாயிலிருந்து பெட்டி அனுப்பியிருக்கிறாள், யார் வீட்டில் இறப்பு, எந்த இரண்டு வீட்டார் மதில் தகராறில் பராங்காய் அலுவலகம் போயிருக்கிறார்கள், எல்லாம்.

பராங்காய் என்பது அந்நாட்டின் அடிமட்ட ஆட்சிப் பிரிவு. மரிகினா நகரத்துக்குள் 16 பராங்காய்கள். அண்டை வீட்டுச் சண்டை பெரும்பாலும் நேராக நீதிமன்றம் போக முடியாது. முதலில் பராங்காய் சமரசக் குழு முன்னால் உட்கார்ந்து பேசியாக வேண்டும். 1978-இலேயே இதற்குச் சட்டம் போட்டுவிட்டார்கள். நம் ஊர்களுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று எனக்கு உண்மையாகவே ஆசை.

பெட்டி என்றேனே, அதற்குப் பாலிக்பாயான் பெட்டி என்று பெயர். 'பாலிக்' திரும்புவது, 'பாயான்' தாய்நாடு. 1974-இல் தொழிலாளர் சட்டம் வந்தபிறகு வெளிநாட்டு வேலை அரசின் கொள்கையாகவே ஆகிவிட்டது. ஏறக்குறைய எல்லாத் தெருவிலும் ஒருவராவது கடல் தாண்டி இருப்பார். பெட்டி கப்பலில் வாரக்கணக்கில் வரும். சோப்பு, துண்டு, டப்பா இறைச்சி, சாக்லேட், காலணி. பிரிக்கும்போது அக்கம்பக்கத்தாருக்கும் பங்கு உண்டு. அனுப்பியவள் முகத்தைப் பார்த்து ஐந்து வருடம் ஆகியிருக்கும். துண்டில் முகம் புதைத்து வாசனை பார்த்த ஒரு தாயைப் பார்த்திருக்கிறேன்.

இறப்பு வீட்டிலும் அதே காத்திருப்புதான். வெளிநாட்டிலிருந்து பிள்ளை வந்து சேரும்வரை 'லாமாய்' நடக்கும். தெருவில் தார்ப்பாய் கட்டி, இரவெல்லாம் விழித்திருப்பார்கள். காப்பி, பிஸ்கட், சீட்டாட்டம். சீட்டாட்டத்தில் ஒரு பங்கு எடுத்து அந்தக் குடும்பத்துக்கே கொடுப்பார்கள். திரும்பும்போது நேரே வீட்டுக்குப் போகக் கூடாது. எங்கேயாவது சற்று நின்று, பின்தொடரும் ஆவியை உதறிவிட்டுத்தான் போக வேண்டும். அந்த உதறலுக்குப் 'பக்பக்' என்று பெயர். எங்கள் தெருவில் எல்லோரும் நின்ற இடம் அந்தக் கடை.

பக்கத்து வீட்டுத் தாத்தா செருப்புத் தைத்தவர். 1887-இல் கப்பித்தான் மோய் என்று அழைக்கப்பட்ட லௌரியானோ கெவாரா தொடங்கி வைத்த தொழில், ஊரையே நாட்டின் காலணித் தலைநகர் ஆக்கியது. பிறகு மலிவான இறக்குமதி வந்து பல பட்டறைகள் மூடின. அவர் வீட்டுத் திண்ணையில் கால் வடிவ மரக்கட்டைகள் வரிசையாக இருந்தன. யார் கால் அளவு எது என்று ஒவ்வொன்றையும் காட்டிச் சொல்வார். அந்தக் கால்களில் பாதி இன்று உலகில் இல்லை.

இனி ஆற்றைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுச் சுவரில், என் தலைக்கு மேலே, மையால் ஒரு கோடு இருந்தது. 'ஒண்டோய் 2009'. ஒண்டோய் என்ற புயலில் வெள்ளம் ஏறிய உயரம் அது. செப்டம்பர் 26, சனிக்கிழமை. 24 மணி நேரத்தில் மணிலாப் பகுதியில் 455 மில்லிமீட்டர் மழை. மரிகினா ஆற்றின் நீர்மட்டம் 21.5 மீட்டருக்கு ஏறியது. வீட்டுக்காரர் எத்தனை முறை வெள்ளையடித்தாலும் அந்தக் கோட்டை மட்டும் விட்டுவிடுவார். அந்த ஊர்க் குழந்தைகளுக்கும் கணக்குத் தெரியும்: 15 மீட்டரில் முதல் எச்சரிக்கை, 16-இல் வெளியேறு, 18-இல் கட்டாய வெளியேற்றம். மழைக்காலத்தில் 'எத்தனை?' என்று கேட்டால் ஆற்றைத்தான் கேட்கிறார்கள். வானிலை நிறுவனத்தின் சுருக்கப் பெயர் பாகாசா. அவர்கள் மொழியில் அந்தச் சொல்லுக்கு நம்பிக்கை என்று அர்த்தம்.

2020 நவம்பர் 12, யூலிசிஸ் புயல். கொரோனா காலம். இருட்டிலேயே சங்கு ஊதிவிட்டது. எங்களுக்கு மாடி இருந்தது. கடை ஆத்தே, அவர் குழந்தைகள், செருப்புத் தாத்தா என்று பதினொரு பேர் அங்கே ஏறினோம். முகக்கவசம் நனைந்து பயனற்றுப் போனது. ஆறு 22 மீட்டர் தொட்டது. விடிந்தபின் மீட்புப் படகு தெருவுக்குள் வந்தபோது, துடுப்பு போட்ட பையன் மாடியைப் பார்த்துக் கத்தியது 'தாவோ போ' என்றுதான். கூரைகளின் மேலிருந்தெல்லாம் பதில் வந்தது. அந்தச் சொல் எவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

நீர் வடிந்ததும் முழங்கால் சேறு. கடையில் மிஞ்சியது கம்பிவலையும் டப்பாக்களும்தான். நோட்டுப்புத்தகம் கூழாகிவிட்டது. அதில் தெருவின் பல மாதக் கடன். ஆத்தே அதை வெயிலில் வைத்துப் பார்த்தார், பக்கம் பிரியவில்லை.

மூன்றாம் நாள் ஒரு வண்டிக்காரர் வந்து, தனக்கு 240 பெசோ பாக்கி என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு ஒரு பாட்டி. பிறகு நாலைந்து பேர். எல்லோரும் வரவில்லை, வராதவர்கள் வீட்டில் என்ன மிஞ்சியது என்று ஆத்தேக்குத் தெரியும், அதனால் அவர் யாரையும் கேட்கவில்லை. ஒரு குழந்தையின் பழைய பள்ளி நோட்டைத் திருப்பி வைத்து, பின்பக்கத்திலிருந்து எழுதத் தொடங்கினார்.

நானும் போனேன். முட்டை, வினிகர், 64 பெசோ என்றேன். அவர் பேனாவை நிறுத்தி, சற்று யோசித்து, "71, ஆத்தே. கொசுவர்த்தி இரண்டு வாங்கினீங்க" என்றார்.