பயம் போகட்டும் என்று காத்திராதவர்

நேயர்களுக்கு வணக்கம்.

மனநல மருத்துவத்தையும் ஆன்மிகத்தையும் சேர்த்துப் பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். இந்தத் தலைப்பை எடுப்பவர்கள் பெரும்பாலும் சுவிஸ் மனநல மருத்துவர் கார்ல் யூங்கிடம்தான் போய் நிற்பார்கள். யூங் பெரிய மேதை, மறுப்பதற்கில்லை. 1938 தொடக்கத்தில் தென்னிந்தியா வரை வந்தவர், ரமணரைப் பார்க்கத் திருவண்ணாமலைக்குப் போகாமலே ஊர் திரும்பினார். போகாததற்குப் பின்னாளில் ஒரு விளக்கமும் எழுதினார். அவரைப் பற்றி வேண்டிய மட்டும் பேசியாகிவிட்டது. அதே 1938ஆம் ஆண்டு ஏப்ரலில் டோக்கியோவில் காலமான வேறொரு மருத்துவரைப் பற்றி இன்று சொல்கிறேன். பெயர் ஷோமா மொரிட்டா. ஜப்பானுக்கு வெளியே மனநல மருத்துவர்களிலேயே பலர் அவரைச் சரியாக அறிய மாட்டார்கள்.

1874இல் ஷிகோகு தீவில், கோச்சி மாநிலத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். தந்தை கண்டிப்பானவர், பையன் படிக்காவிட்டால் விட மாட்டார். சிறு வயதில் ஊர்க் கோயிலில் நரகத்தைத் தீட்டிய ஓர் ஓவியத்தைப் பார்த்துவிட்டான் பிள்ளை. இறந்த பிறகு பாவிகள் என்ன பாடுபடுகிறார்கள் என்பதை ஒன்று விடாமல் வரைந்து வைத்திருந்தார்கள். நம் கோயில் மண்டபங்களிலும் எமலோகக் காட்சிகள் உண்டு. பெரும்பாலான பிள்ளைகள் வேடிக்கை பார்த்துவிட்டு ஓடிவிடுவார்கள். இந்தப் பையனுக்கு அன்று தொற்றிய மரண பயம் விடவே இல்லை. இரவில் தூக்கம் போயிற்று. வளர வளர நெஞ்சு படபடப்பு, தலைவலி, களைப்பு என்று ஒன்று மாற்றி ஒன்று.

டோக்கியோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கப் போனபோதும் இவை கூடவே போயின. நரம்புத் தளர்ச்சி என்றும், போதாக்குறைக்கு, சத்துக் குறைவால் வரும் பெரிபெரி என்றும் சொல்லி மருந்து கொடுத்தார்கள். பரீட்சை நெருங்குகிறது, படிக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து வர வேண்டிய பணமும் வரவில்லை. வீட்டார் பட்டுப்புழு வேலையில் மூழ்கிக் கிடந்தார்கள் என்பதுதான் காரணம். ஆனால் இளைஞருக்கு அது தெரியவில்லை. என்னை மறந்துவிட்டார்கள் என்று கோபம் தலைக்கேறியது. செத்தால் சாகிறேன், அவர்கள் பார்க்கட்டும் என்று மருந்தையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு இரவு பகலாகப் படித்தார். பரீட்சையில் எதிர்பாராத அளவுக்கு நல்ல மதிப்பெண். அதைவிட ஆச்சரியம், இத்தனை ஆண்டு வாட்டிய நோய்க்குறிகளைத் திரும்பிப் பார்த்தால் காணவில்லை.

வீம்பில் விளைந்த நன்மை என்று இதைச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். மொரிட்டா அப்படி விடவில்லை. என்ன நடந்தது என்பதை ஆராய்வதிலேயே அடுத்த இருபது ஆண்டுகள் போயின.

மனநலத்துறையில் அவருடைய ஆசிரியர் ஷூசோ குரே. சுகாமோ மருத்துவமனையில் நோயாளிகளைக் கட்டிப்போடும் வழக்கத்தை ஒழித்தவர் அவர். மாணவர் மொரிட்டா 1903இல் தன் சொந்த மாநிலத்துக்கே ஆராய்ச்சிக்குப் போனார். அங்கே நாய் ஆவி பிடித்திருக்கிறது என்று சொல்லப்பட்டவர்களைப் பார்த்துக் குறிப்பெடுத்தார். ஆவி பிடிப்பதும், அதை ஓட்டுவதும், அந்த மந்திரச் சடங்காலேயே புத்தி பேதலிப்பதும் அங்கே சாதாரணம். சடங்கினால் வரும் அந்த மனநோய்க்குத் தனிப் பெயரிட்டு எழுதியவர் இவர். மூடநம்பிக்கைக்கு எதிராகப் பின்னாளில் ஒரு புத்தகமே போட்டார். ஆன்மிகத்தை மருத்துவத்தில் கலந்தவர் என்று இவரைச் சொல்லும்போது இந்தப் பக்கத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஏதோ சாமியார் டாக்டர் என்ற எண்ணம் வந்துவிடும்.

ஐரோப்பாவிலிருந்து வந்த முறைகளை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார். ஹிப்னாடிசம் செய்தார். ஓய்வுச் சிகிச்சை கொடுத்தார். நேர அட்டவணை போட்டு வாழவைத்தார். உன் பயத்துக்கு ஆதாரமே இல்லை என்று தர்க்கம் பேசிப் புரியவைக்கும் முறையையும் முயன்றார். எதுவும் நிலைக்கவில்லை. 1919இல், சுகாமோ மருத்துவமனையில் பணியாற்றிய தெரிந்த செவிலியர் ஒருவர் இதே நோயால் நெடுநாள் துன்பப்படுவதைப் பார்த்து, எங்கள் வீட்டில் வந்து தங்குங்கள் என்றார். வீட்டு வேலைகளில் ஒத்தாசை செய்துகொண்டு தங்கியிருந்தவர், சில வாரங்களில் தேறிவிட்டார். மொரிட்டா சிகிச்சை என்று இன்று சொல்லப்படுவதன் பிறப்பு அதுதான். அதன்பின் டோக்கியோவில் ஹோங்கோ பகுதியில் இருந்த அவர் வீடே மருத்துவமனை ஆயிற்று. மனைவி ஹிசா சமையலறையிலும் முற்றத்திலும் நோயாளிகளை வேலை வாங்குவார். அவருக்கு எந்தப் பட்டமும் கிடையாது. சிகிச்சையில் அவர் பங்கு பாதிக்குக் குறையாது என்பது என் கணிப்பு. வரலாறு எழுதியவர்கள் அவருக்கு ஒரு பத்திதான் ஒதுக்குகிறார்கள்.

அந்த வீட்டில் என்ன நடக்கும்? சேர்ந்த உடனே தனி அறையில் படுக்கை. சுமார் ஒரு வாரம். சாப்பாடு, கழிப்பறை, முகம் கழுவுவது தவிர எழுந்திருக்கக் கூடாது. புத்தகம் இல்லை, பேச்சு இல்லை, புகைபிடிக்கக் கூடாது. கவலை வந்தால் வரட்டும், அதை விரட்டவும் வேண்டாம், அதற்குச் சமாதானம் சொல்லவும் வேண்டாம். முதல் நாள் பெரும்பாலும் நிம்மதியாகத்தான் போகும். பிறகு இத்தனை காலம் ஓடி ஒளிந்த எண்ணமெல்லாம் மொத்தமாக வந்து உட்காரும். நெஞ்சு படபடக்கும், அழுகை வரும், ஓடிவிடலாமா என்று தோன்றும். அங்கேயே கிடந்தால், வந்தது தன்பாட்டில் ஏறி, தன்பாட்டில் இறங்கும். நான்கைந்து நாளில் வேறொன்று முளைக்கும், சலிப்பு. எதையாவது செய்ய வேண்டும் போல் கை துறுதுறுக்கும். மொரிட்டா காத்திருந்தது அதற்குத்தான். நோயாளியிடம் இன்னும் நோய்ப்படாமல் இருக்கிற ஏதோ ஒன்று வேலை கேட்கிறது என்று அதை எடுத்துக்கொண்டார்.

அப்போது தோட்டத்துக்கு விடுவார்கள். பகல் முழுவதும் வெளியில் இருக்க வேண்டும், ஆனால் சின்னச் சின்ன வேலைகள் மட்டும். உதிர்ந்த இலையைப் பொறுக்கலாம், எறும்பைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அரட்டை கூடாது. இரவில் நாட்குறிப்பு எழுத வேண்டும். அடுத்த நாள் அது சிவப்பு மையில் மருத்துவரின் குறிப்போடு திரும்பி வரும். இன்று மனம் எப்படி இருந்தது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தால் அதை அவர் கண்டுகொள்ள மாட்டார். இன்று என்ன செய்தாய், என்ன பார்த்தாய் என்பதில்தான் அவர் பேனா போய் நிற்கும். அதற்குப் பிறகு விறகு பிளப்பது, மண் கொத்துவது, கழிப்பறை கழுவுவது. கல்லூரிப் பேராசிரியராக இருந்தாலும் விலக்கு இல்லை. கடைசியாக வெளியே அனுப்பிக் கடை கண்ணிக்குப் போய்வரச் செய்வார்கள். எல்லாம் சேர்ந்து நாற்பது நாள் வாக்கில் ஆகும். நம் மண்டலக் கணக்குக்குக் கொஞ்சம் குறைவு. திருச்சிப் பக்கம் குணசீலம் கோயிலில் மனநோயாளிகளை நாற்பத்தெட்டு நாள் தங்கவைப்பதை நேயர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இரண்டுக்கும் உள்ளடக்கத்தில் ஒற்றுமை இல்லை. ஆனால் மனம் திரும்ப ஒன்றரை மாதம் வேண்டும் என்பதில் இரு ஊர்க்காரர்களும் ஒத்துப்போகிறார்கள்.

இதற்குப் பின்னால் இருக்கும் கருத்து இது. நெஞ்சு ஒரு முறை வேகமாக அடிக்கிறது. யாருக்கும் நடப்பதுதான். ஒருவர் மட்டும் அதைக் கவனிக்கிறார். கவனித்தால் உணர்ச்சி கூர்மையாகிறது, கூர்மையானால் கவனம் இன்னும் அங்கேயே போகிறது. நான் பயப்படக் கூடாது என்று அவர் முடிவு செய்கிறார். அந்த முடிவுதான் முடிச்சை இறுக்குகிறது. இதை விளக்க மொரிட்டா எடுத்துச் சொன்னது ஜென் என்ற பௌத்தப் பிரிவின் பழைய படிமம் ஒன்று. முளையில் கட்டிய கழுதை விடுபடுவதற்காக முளையையே சுற்றிச் சுற்றி வருகிறது. சுற்றச் சுற்றக் கயிறு குறுகி, கடைசியில் முளையோடு ஒட்டிக்கொண்டு நகர முடியாமல் நிற்கிறது.

ஒரு நோயாளிக்கு இரவில் திடீரென்று நெஞ்சு படபடத்துச் செத்துவிடுவோம் என்ற பீதி வரும். மொரிட்டா அவரிடம் சொன்னது இதுதான். இன்று இரவு, எப்படிப் படுத்தால் அது வருமோ அப்படியே படுங்கள். நீங்களாகவே அதை வரவழையுங்கள். எப்படித் தொடங்குகிறது, எப்படி வளர்கிறது என்று ஒன்று விடாமல் கவனித்து வந்து சொல்லுங்கள். அப்படிச் செய்தால் இனி வராமலிருக்க வழி சொல்லித் தருகிறேன். அந்த மனிதர் எவ்வளவோ முயன்றார். பீதி வரவில்லை, தூக்கம் வந்துவிட்டது. வியன்னாவின் மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்க்ல் இதைப் போன்ற ஓர் உத்தியைப் பிற்காலத்தில் ஐரோப்பாவில் பிரபலப்படுத்தினார். அதற்கு முன்பே இது டோக்கியோவில் நடந்திருக்கிறது.

அப்படியானால் மொரிட்டா செய்தது ஜென் மதம்தானா? அவரிடம் பலர் கேட்டார்கள். இல்லை என்றார். என் முறை என் அனுபவத்திலிருந்தும் நோயாளிகளிடமிருந்தும் வந்தது, முடிவில் அது ஜென் சொல்வதோடு பொருந்துகிறது, அவ்வளவுதான் என்பது அவர் நிலை. ஆனால் வாயைத் திறந்தால் ஜென் வாசகம். உள்ளதை உள்ளபடி ஏற்பது என்ற அவருடைய மையக் கருத்தும் பௌத்தச் சூழலில் ஊறியதுதான். கொஞ்சம் அதிகமாகவே மறுத்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. விஞ்ஞானம் பேசும் சக மருத்துவர்கள் நடுவில் தன் முறை மதப் பிரசாரமாகத் தெரிந்துவிடக் கூடாது என்ற கவலை இருந்திருக்கும். மருத்துவர் சபைகளில், ஃபிராய்டின் உளப்பகுப்பாய்வு வழியில் நின்ற கியோயாசு மருயியோடு அவர் நேருக்கு நேர் மோதியது அந்தக் காலத்தில் பேர்போன சண்டை.

அவருடைய சீடர் கென்யூ உசாவுக்கு அந்தக் கூச்சம் இல்லை. அவர் ஜென் துறவி. துறவியாக இருந்துகொண்டே மருத்துவம் படித்தவர். 1922இல் கியோட்டோவின் தோஃபுகுஜி மடத்து வளாகத்திலேயே சான்செய் என்ற சிகிச்சையகத்தைத் தொடங்கினார். 2014 வரை அது நடந்தது. அங்கே சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கும்: பேசுகிறவர்களுக்குக் குணமாகாது. பேசவைத்தே குணமாக்கும் தொழிலில் இருக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு அதைப் படித்தால் சுருக்கென்று இருக்கும். ஆனால் தன் நோயையே ஓயாமல் விவரித்து, விவரிப்பதிலேயே வாழ்நாளைக் கழிக்கிறவர்களை நாங்களும் பார்க்கிறோம். அந்த அறிவிப்பு அவர்களுக்கானது.

இன்று ஆன்மிகமும் உளவியலும் சேரும் இடமென்றால் கண்ணை மூடி மூச்சைக் கவனிப்பது, கைபேசியில் ஒரு செயலி, மெல்லிய இசை. மொரிட்டாவின் வீட்டில் தியான வகுப்பு கிடையாது. மன அமைதியை அவர் இலக்காகவே வைக்கவில்லை. அமைதி வேண்டும் என்று துடிப்பதும் இன்னொரு முளை. மேடையேறக் கை நடுங்குகிறதா, நடுங்கட்டும், ஏறிப் பேசு. மரபிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது நம்பிக்கையை அல்ல, இந்த ஒரு நிலைப்பாட்டை மட்டும். அதை மண்வெட்டியிலும் விறகிலும் இறக்கிவைத்தார். கலப்பு என்றால் எனக்கு இதுதான் நேர்மையான கலப்பு. நோயாளி எந்த மதமாக இருந்தாலும், எந்த மதமும் இல்லாவிட்டாலும் விறகு பிளக்கலாம்.

சாவுக்குப் பயப்படுகிறவனைக் கோழை என்று அவர் சொல்லவில்லை. நன்றாக வாழ வேண்டும் என்ற ஆசை யாருக்கு மிகுதியோ அவனுக்குத்தான் அந்தப் பயமும் மிகுதி, இரண்டும் ஒன்றின் இரு பக்கம் என்றார். பயத்தைக் குறைக்கப் பார்க்காதே, ஆசைக்கு வேலை கொடு. தன் வாழ்க்கையிலும் அப்படியே இருந்தார். 1930இல் ஒரே மகன் இறந்தபோது துக்கத்தை மாணவர்களிடம் மறைக்கவில்லை. 1935இல் ஹிசாவும் போனார். நோயில் விழுந்த கடைசி நாட்களில், ஞானியைப் போல் சிரித்துக்கொண்டே சாகப்போவதாக அவர் காட்டிக்கொள்ளவும் இல்லை. சாவு பயமாகத்தான் இருக்கிறது என்று சீடர்களிடம் சொன்னவர். எனக்கு அவர் மேல் மதிப்பு கூடியது இந்த இடத்தில்தான்.

குறைகளும் உண்டு. பதற்றம், எண்ணச் சுழல், நாலு பேர் முன்னால் முகம் சிவந்துவிடுமோ என்ற அச்சம் போன்றவற்றுக்காக, அதுவும் தன்னைத் தானே குடைந்துகொள்கிற சுபாவக்காரர்களுக்காக வகுக்கப்பட்ட முறை இது. கடுமையான மனச்சிதைவுக்கு இது வைத்தியம் அல்ல. மேலைநாட்டு அளவுகோல்படி நடந்த ஆய்வுகள் சிலதான், அவற்றிலும் உறுதியான முடிவுக்கு வர இயலவில்லை. பதற்றத்துக்கு நல்ல மருந்துகள் வந்துவிட்ட காலத்தில், நாற்பது நாள் விடுப்புப் போட்டு வந்து தங்கவும் ஆளில்லை. டோக்கியோவில் ஜிக்கேய் மருத்துவப் பல்கலைக்கழகம், மொரிட்டா பேராசிரியராக இருந்த இடம், இந்தச் சிகிச்சையை இன்னும் விடாமல் வைத்திருக்கிறது. வெளிநோயாளியாக வந்து நாட்குறிப்பு எழுதிக் காட்டுகிறவர்களே இப்போது அதிகம். 1970இல் தொடங்கிய ஹக்கென்காய் என்ற அமைப்பும் உண்டு. அதில் இந்த நோயிலிருந்து மீண்டவர்கள் புதிதாக வருகிறவர்களோடு கூடி உட்கார்ந்து மொரிட்டாவின் எழுத்துகளைப் படிக்கிறார்கள்.

கேட்டுக்கொண்டிருக்கும் யாராவது நாளையிலிருந்து ஒரு வாரம் கதவைச் சாத்திப் படுத்துப் பார்க்கலாம் என்று நினைத்தால், தயவுசெய்து வேண்டாம். மனச்சோர்வு உள்ளவர்களுக்கு அந்தத் தனிமை ஆபத்தாக முடியலாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள், சாப்பிடும் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். நாட்குறிப்பை மட்டும் இன்று இரவே தொடங்கலாம். எப்படி இருந்தது என்று எழுதாமல், என்ன செய்தேன் என்று எழுதுங்கள்.

வணக்கம்.