போர்டு புக் ஃபிளாப் ஏன் கிழியுது? எந்த வயசுக்கு எது?

[காட்சி: மேசையில் ஒரு போர்டு புக். ஒரு விரல் ஃபிளாப்பைத் திறக்கிறது.]

கெட்டி அட்டைப் பக்கங்கள் உள்ள குழந்தைப் புத்தகம்தான் போர்டு புக். அதுல படத்துக்கு மேல இருக்கிற இந்தச் சின்ன அட்டைக் கதவுதான் ஃபிளாப். இது பெரும்பாலும் மடிப்புக் கோட்டோட ஒரு முனையிலதான் கிழிய ஆரம்பிக்கும். குழந்தை கதவைத் திறந்ததோட விடாது, இன்னும் பின்னாடி தள்ளும். மடிப்பு 180 டிகிரிக்கு விரியலைன்னா அந்த இழுவை முழுக்க முனையிலதான் விழும். அதனால வாங்கும்போதே ஒரு கதவை முழுசா விரிச்சு, பக்கத்தோட படிஞ்சு படுக்குதான்னு பாருங்க. ஓரத்துல விரல் நுழைய அரைவட்ட வெட்டு இருக்கணும். இல்லைன்னா குழந்தை நகத்தால நோண்டும், தாள் உரிஞ்சு வரும்.

[காட்சி: குழந்தையின் கை, மிக அருகில்.]

ஆறு மாசக் குழந்தை உள்ளங்கையாலதான் பிடிக்கும். தடவிப் பார்க்கத் துணி, சொரசொரப்பு, விரல் விட ஓட்டை, அந்த வயசுக்கு இதுவே போதும். பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்த்துக் கிள்ளிப் பிடிக்கிறது 9, 10 மாச வாக்குல வரும். கெட்டியான பெரிய கதவுகளை அப்போ கொடுங்க. ஸ்லைடர்ல, அதாவது பக்கத்துல தள்ளி நகர்த்துற அட்டைத் துண்டுல, ஒரு கை புத்தகத்தைப் பிடிக்கணும், இன்னொரு கை நேரா தள்ளணும். அதனால அது இன்னும் தாமதமாத்தான் கைவரும்.

கதவு நிறைய இருந்தா நல்ல புத்தகம்னு நினைச்சிடாதீங்க. சிந்தியா சியோங், ஜூடி டிலோச் இருவரும் 2013-ல வெளியிட்ட ஆய்வுல, இழுக்க, திறக்க எதுவும் இல்லாத சாதா எழுத்துப் புத்தகத்துலதான் குழந்தைகள் எழுத்துகளை நல்லாக் கத்துக்கிட்டாங்க. கை ஒரு வேலையில இருக்கும்போது கண் எழுத்துல நிக்காது. ஆனா பெட்டியைத் திறந்தா உள்ளே பூனை இருக்குன்னு வைங்க. அங்கே திறக்கிறதுதான் 'உள்ளே'ங்கிற சொல்லுக்கே அர்த்தம். அப்படிப்பட்ட கதவைத் தேடி வாங்குங்க.

படிக்கும்போது கதவு மேல விரலை வெச்சு, "உள்ளே யாரு?"ன்னு கேட்டுட்டு அஞ்சு விநாடி சும்மா இருங்க. அந்த அமைதியிலதான் குழந்தை சொல்லைத் தேடும். நாமளே சட்டுனு திறந்துட்டா அந்த வாய்ப்பு போயிடும்.

[காட்சி: சவுண்டு புக்கின் பின்பக்கம், திருகு.]

சவுண்டு புக்ல பேட்டரி மூடிக்குத் திருகு இருந்தே ஆகணும். பட்டன் பேட்டரியை விழுங்கினா ரெண்டே மணி நேரத்துல உணவுக்குழாய் வெந்துபோகலாம். விழுங்கியிருக்குமோன்னு சந்தேகம் வந்தாலே அவசரப் பிரிவுக்குக் கிளம்பிடுங்க. கழன்ற துண்டுகளையும் கவனிங்க. 31.7 மி.மீ. விட்டமுள்ள சோதனை உருளைக்குள்ள முழுசா அடங்கிற எதுவும் மூணு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைக்குத் தொண்டையை அடைக்கலாம்னு பொம்மைப் பாதுகாப்பு விதிகள் கணக்கிடுது.

[காட்சி: கிழிந்த கதவு, செலோ டேப்.]

கிழிஞ்ச கதவுக்கு டேப் ரெண்டு பக்கமும் வேணும். முதல்ல கதவை முழுசா விரிச்சு, மடிப்புல 1 மி.மீ. இடைவெளி விட்டு உள்பக்கம் ஒட்டுங்க. அப்புறம் மூடி, வெளிப்பக்கம். இடைவெளி இல்லாம இறுக்கி ஒட்டினா கதவு மூடாது, அதே இடத்துல மறுபடி பிய்யும்.

கடிச்சு ஊறின மூலையை உடனே ஒட்டாதீங்க. புத்தகத்தை விரிச்சு நிக்க வெச்சு முழுசா காயவிடுங்க. ஈரத்தோட ஒட்டினா உள்ளே பூஞ்சை பிடிக்கும். காஞ்சதும் பிசிறை வெட்டிட்டு, அடுக்குகளுக்கு நடுவுல வெள்ளைப் பசையை மெல்லிசாத் தடவி, மெழுகுத்தாள் வெச்சு, ராத்திரி முழுக்க கனமான புத்தகங்களுக்கு அடியில வெச்சுடுங்க.