கறுப்புக் கட்டைக்கும் வெள்ளைக் கட்டைக்கும் நடுவே ஒரு சுரம்

[திரையில்: மேசை மேல் ஒரு கீபோர்டு, பக்கத்தில் ஊத் என்ற அரபு தந்தி வாத்தியம். பின்னணியில் தம்புரா.]

வணக்கம். இந்த வெள்ளைக் கட்டையை ஸ என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வெள்ளை சதுஸ்ருதி ரிஷபம், அதற்கடுத்த கறுப்பு சாதாரண காந்தாரம், அதையும் தாண்டினால் அந்தர காந்தாரம். சரி, இப்போது ராஸ்த் என்கிற அரபு மகாமின் (நம் ராகம் மாதிரி) மூன்றாவது சுரத்தை இதில் வாசியுங்கள் பார்ப்போம். முடியாது. அந்தச் சுரம் கறுப்புக் கட்டைக்கும் வெள்ளைக் கட்டைக்கும் நடுவே எங்கேயோ இருக்கிறது, அந்த இடத்தில் கட்டையே கிடையாது.

அரபு இசை கற்க ஆரம்பித்தபோது நான் முதலில் செய்த வேலை ஒரு அட்டவணை போட்டதுதான். கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்த யாருக்கும் கை அரிக்கும். அஜம் என்றால் நம் சங்கராபரணம், குர்த் என்றால் தோடி, ஹிஜாஸ் என்றால் வகுளாபரணம், ஹிஜாஸ் கார் என்றால் மாயாமாளவகௌளை. சுரங்களை மட்டும் எண்ணினால் இதெல்லாம் சரிதான். ஆனால் ராஸ்த், பயாத்தி, ஸபா, சிகா என்று வரும்போது அட்டவணை கையை விரித்துவிடும். அரபு இசையின் உயிரே இந்த நாலில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

[திரையில்: ஊதின் கழுத்து, நெருக்கமாக.]

இந்தக் கழுத்தைப் பாருங்கள். வயலின் மாதிரிதான், மெட்டு எதுவும் கிடையாது. இந்தத் தந்திக்குப் பெயர் துகா, பாரசீகத்தில் 'இரண்டாம் இடம்'. இதில் ஆள்காட்டி விரலை இங்கே வைத்தால் வருவது சிகா என்ற சுரம், அதாவது 'மூன்றாம் இடம்' (முன்பு சொன்ன மகாமுக்கும் இதே பெயர்தான்). ராஸ்துக்கு மூன்றாவது சுரம் இதுதான். பயாத்தி மகாம் துகாவிலிருந்து தொடங்குவதால் அதற்கு இதே சிகா இரண்டாவது சுரம். பெயர் ஒன்று, தந்தி ஒன்று, விரலும் ஒன்று.

அதனால் இடமும் ஒன்றுதான் என்று நானும் நினைத்தேன். போனில் ட்யூனர் செயலியைத் திறந்துவைத்து, முள் சரியாக நடுவில் நிற்கும்வரை விரலை நகர்த்தி, அந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளியும் வைத்துவிட்டேன். அலெப்போக்காரரான என் ஆசிரியர் திரையின் அந்தப் பக்கத்திலிருந்து கேட்டுவிட்டு, ராஸ்துக்கு இது போதாது, கொஞ்சம் மேலே போ என்றார். பத்து நிமிடம் கழித்து பயாத்தி வாசித்தேன். இதற்கு ஜாஸ்தி, கீழே வா என்றார். புள்ளியை அழி என்றும் சொன்னார்.

ராஸ்தில் வரும் சிகாவைவிடப் பயாத்தியில் வருவது சற்றுத் தாழ்வு. ஊருக்கு ஊரும் மாறும்: ராஸ்தின் சிகாவை எகிப்தியர் வைக்கும் இடத்தைவிட சிரியாக்காரர்கள் கொஞ்சம் மேலே வைப்பார்கள், துருக்கியர் இன்னும் மேலே.

இது பழைய சண்டை. 1932இல் கெய்ரோவில், மன்னர் ஃபுவாதின் ஆதரவில், அரபு இசை மாநாடு ஒன்று நடந்தது. மொராக்கோ முதல் ஈராக் வரை பல ஊர் இசைக்குழுக்கள் வந்தன, ஹங்கேரியிலிருந்து பேலா பார்டோக், ஜெர்மனியிலிருந்து பால் ஹிண்டமித் என்ற இசையமைப்பாளர்களும் வந்தார்கள். ஒரு ஸ்தாயியை 24 சம பாகமாக வெட்டிவிட்டால் கணக்கு சுலபமாகிவிடும் என்று ஒரு தரப்பு, எங்கள் காது அப்படிக் கேட்பதில்லை என்று இன்னொரு தரப்பு. பியானோவை உள்ளே விடலாமா என்பதற்கும் தனியாக வாக்குவாதம். சுருதிக் கணக்கு தீரவில்லை. ஆனால் அங்கே பதிவான இசைத்தட்டுகள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. என்னைக் கேட்டால் மாநாட்டின் பலன் அதுதான்.

அடுத்தது ஜின்ஸ். மகாம் என்பது ஏழு சுரம் ஏறி இறங்கும் ஏணி இல்லை. பெரும்பாலும் நாலைந்து சுரத் துண்டுகளை ஒட்டிச் செய்தது. அந்தத் துண்டுதான் ஜின்ஸ். கீழே ராஸ்த் துண்டை வைத்துக்கொண்டு மேலே பஞ்சமத்திலிருந்து ஹிஜாஸ் துண்டை வையுங்கள், அதற்கு சூஸ்நாக் என்று வேறு பெயர் வந்துவிடும். பாடகர் மேலே போய் இப்படித் துண்டு மாற்றுவதும், கேட்பவர்கள் நிமிர்ந்து உட்காருவதும், பிறகு அவர் பத்திரமாகக் கீழ் ராஸ்துக்கே வந்து முடிப்பதும்தான் கச்சேரி. அந்த முடிப்புக்குப் பெயர் கஃப்லா. அது சரியாக விழுந்தால் கூட்டத்திலிருந்து 'அல்லாஹ்!' என்று குரல் எழும், நம் சபாவில் 'பலே' விழுகிற அதே இடம்.

ஸபாவில் நாலாவது சுரமே சுருங்கிவிடும், மேலே போனால் மேல் ஷட்ஜம் கூட முழுசாக வராது. ஏணியாக வரைந்து படித்தவர்கள் எல்லோரும் அங்கே வழுக்கி விழுவார்கள். அதைத் தனி வீடியோவில் பார்ப்போம்.

[திரையில்: தர்புகா என்ற கைமேளம். கை மெதுவாகத் தட்டுகிறது.]

தாளத்துக்கு அரபியில் ஈகா. சொற்கட்டு இரண்டே: நடுத்தோலில் அடித்தால் தும், ஓரத்தில் அடித்தால் தக். தெருவிலும் கல்யாணத்திலும் கேட்கும் மக்ஸூம் எட்டு அட்சரம்:

தும் தக் – தக் தும் – தக் –

இதைச் சோறு சாப்பிட்டுக்கொண்டே போடலாம். சமாயி தகீல் அப்படி இல்லை, பத்து அட்சரம்:

தும் – – தக் – தும் தும் தக் – –

மூன்று, இரண்டு, இரண்டு, மூன்று. திருப்பிப் படித்தாலும் அதே கணக்கு. 'லம்மா பதா யததன்னா' என்ற பழைய முவஷ்ஷஹ் வகைப் பாட்டு இந்தத் தாளத்தில்தான் நடக்கிறது, அதைப் போட்டுவிட்டுத் தொடையில் தட்டிப் பாருங்கள், மூன்றாவது தடவை கை தானாக விழும். ஏழு அட்சரத்துக்கு தவ்ர் ஹிந்தி என்று ஒன்று உண்டு, 'இந்தியச் சுற்று' என்று அர்த்தம். மூன்று, இரண்டு, இரண்டு என்று எண்ணும்போதே நமக்கு மிஸ்ர சாபு ஞாபகம் வரும்.

சமாயி என்றே ஓர் உருப்படி வகையும் இருக்கிறது. ஒட்டோமான் அரசவை இசையிலிருந்து வந்தது, வாத்தியத்துக்கானது. கானா என்று நாலு பகுதி, ஒவ்வொன்றும் முடிந்ததும் தஸ்லீம் என்ற ஒரே பல்லவி திரும்ப வரும். மூன்று கானாவும் பத்து அட்சரத்தில் போய்விட்டு, நாலாவது திடீரென்று மூன்றுக்கோ ஆறுக்கோ மாறி ஓடும். அதற்கு நேர் எதிர் தக்ஸீம்: தாளமே இல்லாமல், மனோதர்மமாக, ஒற்றை வாத்தியம் மகாமைத் திறந்து காட்டும். ஆலாபனை என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஊதில் வரும், கானூன் என்ற பல தந்தி வாத்தியத்தில் வரும், 'நாய்' என்ற நாணல் குழலிலும் வரும் (பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம், அதுவே பாரசீகத்தில் 'நெய்' ஆகிவிடும்).

[திரையில்: மறுபடியும் ஊத்.]

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டால், கீபோர்டை மூடி வையுங்கள். எகிப்தியப் பாடகி உம் குல்தூமும் சிறுவயதில் குர்ஆன் ஓதப் பழகித்தான் பாட்டுக்கு வந்தார், ஏட்டைப் பார்த்து அல்ல. எகிப்திய காரிகள் (குர்ஆன் ஓதுபவர்கள்) ஓதுவதை வழக்கமாகப் பயாத்தியில் தொடங்கிப் பயாத்தியிலேயே முடிப்பார்கள். இரவில் ஒரு பத்து நிமிடம் ஒரே ஓதுதலைக் கேட்டுவிட்டு, தம்புராவைப் போட்டு, அந்த முதல் நாலு சுரத்தை மட்டும் வாய்விட்டுப் பாடுங்கள். நான் மூன்று வாரம் இதை மட்டும்தான் செய்தேன், வீட்டில் திட்டும் விழுந்தது.

இப்போது இரண்டு தடவை வாசிக்கிறேன். முதலில் ராஸ்த், அப்புறம் பயாத்தி. கண்ணை மூடிக்கொண்டு சிகா எங்கே விழுகிறது என்று மட்டும் கேளுங்கள். இரண்டும் ஒரே இடமாகப் பட்டால் கொஞ்சம் பின்னால் இழுத்து இன்னொரு தடவை போடுங்கள்.

[ஊத்: ராஸ்த் நாலு சுரம். இடைவெளி. பயாத்தி நாலு சுரம். திரை இருள்கிறது.]