108-ஐ அழைக்க யாரிடம் அனுமதி கேட்பது?

நடுவர் அவர்களே, முதியோர் இல்லங்களில் சிகிச்சை தாமதமாவதற்குப் பெரிதும் காரணம் ஊழியரின் அலட்சியமா, நிர்வாகத்தின் ஏற்பாடா என்பதுதான் இன்றைய கேள்வி. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அக்கா, "கூப்பிட்டும் திரும்பிப் பார்க்காத ஆயாவுக்கு மனசே இல்லை" என்று சொல்லி அரங்கத்தையே கலங்க வைத்துவிட்டார். எனக்கும் கண் கலங்கியது. ஆனால் அவருடைய கோபம் ஆயாவோடு நின்றுவிட்டதே, அதை நான் ஏற்க மாட்டேன்.

2017 செப்டம்பர் 10. அமெரிக்காவின் ஃபுளோரிடாவை இர்மா புயல் தாக்குகிறது. அங்கே ஹாலிவுட் என்ற ஊரில் (சினிமா ஹாலிவுட் இல்லை, இது வேறு) ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் ஏசிக்கான மின்சாரம் மட்டும் போய்விடுகிறது. சின்னக் குளிரூட்டிகளை வைத்துச் சமாளிக்கிறார்கள், மின் நிறுவனத்துக்கு ஃபோன் போடுகிறார்கள், மாநில ஆளுநரின் செல்பேசி வரைக்கும் அழைப்பு போகிறது. "எல்லாரையும் வெளியே கொண்டு போவோம்" என்ற முடிவு மட்டும் வரவில்லை. 13ஆம் தேதி அதிகாலையில் அடுத்தடுத்து ஆட்கள் விழுகிறார்கள். அந்த வெப்பத்துக்குப் பலியானவர்கள் மொத்தம் 12 பேர். நடுவர் அவர்களே, நடந்து போகும் தூரத்தில், ஏசி ஓடிக்கொண்டிருந்த ஒரு பெரிய மருத்துவமனை இருந்தது! கட்டிலோடு தள்ளிக்கொண்டு போயிருக்கலாம்.

அப்புறம் என்ன ஆயிற்று? 4 ஊழியர்கள் மீது வழக்கு போட்டார்கள். மூன்று நர்ஸுகள் மீதிருந்த வழக்கு கைவிடப்பட்டது, 2023இல் நிர்வாகியும் விடுதலையானார். ஆளைப் பிடித்து ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் 2018இல் வந்த விதிகள், கரண்ட் போனாலும் நான்கு நாள் வரை 27 டிகிரிக்கு மேல் வெப்பம் ஏறாமல் பார்த்துக்கொள்ள மாற்று மின்சாரம் இருந்தே ஆக வேண்டும் என்றன. அடுத்த புயலில் ஒரு பாட்டியைக் காப்பாற்றக்கூடியது அதுதான்.

சரி, நம் ஊருக்கு வருவோம். ராத்திரி இரண்டு மணி, ஒரு மாடி முழுக்கப் படுக்கையில் கிடப்பவர்கள், பார்த்துக்கொள்ள ஒரே ஆயா. படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஒரு ஆளால் முடியுமா? சொல்லுங்கள். ஒரு தாத்தா திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசுகிறார். வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்றோ நிமோனியாவோ வந்தால் சில நேரம் காய்ச்சலே இருக்காது, இந்தக் குழப்பம்தான் முதலில் தெரியும். அதை அந்த ஆயாவுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? "வயசாயிடுச்சு, அப்படித்தான் பேசுவாரு" என்று விட்டுவிடுவார்.

அவரே சந்தேகப்பட்டால்கூட உடனே 108-ஐ அழைக்க முடியாது. சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும், அவர் மேனேஜரை எழுப்ப வேண்டும், மேனேஜர் வெளிநாட்டில் இருக்கிற மகனைப் பிடித்து "எந்த ஆஸ்பத்திரிக்குப் போகட்டும் சார், செலவு யார் பார்த்துக்கொள்வார்கள்" என்று கேட்க வேண்டும், மகன் மீட்டிங்கில் இருப்பார், பொழுது விடிந்துவிடும். பக்கவாதம் வந்தால் ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், அதில் பெரும்பகுதி இந்த ஃபோனிலேயே கரைந்துபோகிறது. இப்படி ஒரு வரிசையை ஆயாவா போட்டார்?

அடிக்கிற ஊழியர், வேண்டுமென்றே பட்டினி போடுகிற ஊழியர் இருக்கிறார்கள்தான். அவர்களுக்குத் தண்டனை வேண்டும், அதில் எதிரணிக்கும் எனக்கும் சண்டையே இல்லை. நான் பேசுவது மற்ற இடங்களைப் பற்றி, அன்பான ஊழியர்களே இருந்தும் ஆள் செத்துப்போகிற இடங்களைப் பற்றி. அங்கே சேர்க்கும் அன்றைக்கே குடும்பத்திடம் கையெழுத்து வாங்கிவிடலாம்: மூச்சுத் திணறலோ, வாய் கோணலோ, திடீர்க் குழப்பமோ வந்தால் பக்கத்தில் இருப்பவர் முதலில் 108-ஐ அழைப்பார், தகவல் அப்புறம் வரும் என்று. இதற்குப் பெரிய செலவா ஆகிவிடப் போகிறது?

எதிரணியில் அடுத்துப் பேச வருபவருக்கு ஒரே ஒரு கேள்வி. நடுராத்திரி அந்த ஆயா யாரையும் கேட்காமல் 108-ஐ அழைத்துவிட்டார், போய்ப் பார்த்தால் வெறும் வாயுத் தொல்லை. மறுநாள் காலையில் நிர்வாகம் அவரைப் பாராட்டுமா, வேலையை விட்டு அனுப்புமா? அதற்குப் பதில் சொல்லிவிட்டு ஆயாவின் மனசைப் பற்றிப் பேசட்டும்.