மதுரையில் இரண்டு நாள்: வெயிலுக்கு முன்னும் இரவு ஒன்பதுக்குப் பின்னும்

[காட்சி: விடியற்காலை. மதுரை ரயில் நிலைய வாசல். வரிசையாக ஆட்டோக்கள்.]

வணக்கம். எனக்கு நேர்ந்த ஒரு அசட்டுத்தனத்தைச் சொல்லித் தொடங்குகிறேன். முதல்முறை இந்த வாசலில் வந்து நின்றபோது, "மீனாட்சி அம்மன் கோயில் போகணும்ண்ணே" என்றேன். 150 ரூபாய் என்றார் ஆட்டோக்காரர். ஏறி உட்கார்ந்து பையை மடியில் சரியாக வைப்பதற்குள், "எறங்குங்கக்கா, கோயில் வந்துருச்சு" என்றார். நிலையத்துக்கு எதிரே டவுன்ஹால் ரோடு. அதில் நேராக நடந்தால் கால் மணி நேரத்துக்குள் மேலக் கோபுரம் வந்துவிடும்.

அதற்குப் பிறகும் நான் மதுரைக்கு வந்ததுண்டு. எல்லாம் கல்யாணத்துக்கு. மண்டபம், பந்தி, தாம்பூலப் பை, திரும்ப ரயில். ஊரைப் பார்த்ததே இல்லை. இந்த முறை சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஊருக்காகவே ஒதுக்கினேன். கையில் 2,500 ரூபாய். சென்னையிலிருந்து போய்வரும் ரயில் செலவும் அதற்குள்தான்.

[காட்சி: ஒரு பழைய சுவர்க் கடிகாரம். முள் வேகமாகச் சுழல்கிறது.]

மதுரையைத் தூங்கா நகரம் என்பார்கள். கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன பட்டம்தான். ஆனால் செலவைக் குறைக்க வழி அதற்குள்ளேயே இருக்கிறது. இந்த ஊரில் பார்க்க வேண்டியதில் பாதி சூரியன் ஏறுவதற்கு முன்பும், மீதி இரவு ஒன்பதுக்குப் பிறகும் நடக்கிறது. அதில் பெரும்பாலானவற்றுக்குக் கட்டணமே இல்லை. பணம் கரைவது நடுப்பகலில்தான். வெயில் தாங்காமல் ஆட்டோ, தாகத்துக்கு ஜூஸ், கொஞ்சம் குளிர்ச்சிக்காக ஏ.சி. ஓட்டல். அதனால் மதியம் அறையில் படுத்துத் தூங்குங்கள். கோயிலே பகல் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தி நான்கு மணிக்குத்தான் திறக்கிறது. நமக்கென்ன அவசரம்?

[காட்சி: ரயிலின் ஸ்லீப்பர் பெட்டி. ஜன்னலுக்கு வெளியே இருட்டு.]

வெள்ளிக்கிழமை இரவு எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸ். ஸ்லீப்பரில் 300 ரூபாய் சொச்சம். பொழுது விடியும் நேரத்துக்கு மதுரை. ஒரு இரவு அறை வாடகை இதிலேயே மிச்சம். பையை நிலையத்தின் பொருள் வைப்பறையில் போட்டுவிட்டு, முகம் கழுவி, நேராகக் கோயிலுக்கு நடந்தேன்.

செல்போனை உள்ளே விடமாட்டார்கள். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபம் தீப்பிடித்ததற்குப் பிறகு வந்த கட்டுப்பாடு. வாசலில் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். இந்த வீடியோவில் கோயிலின் உட்புறம் இல்லாததற்கும் அதுதான் காரணம். உண்மையைச் சொன்னால், போன் இல்லாமல் பார்த்த இடம்தான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

[காட்சி: கோயிலின் எளிய கோட்டோவியம். வெள்ளியம்பலம் இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி.]

எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் கால் ஓய்ந்துவிடும். ஒன்றை மட்டும் நின்று பாருங்கள்: வெள்ளியம்பலத்து நடராஜர். மற்ற ஊர்களில் நடராஜர் இடது காலைத் தூக்கி ஆடுவார். இங்கே தூக்கியிருப்பது வலது கால். ஒரே காலில் நின்று ஆடினால் இறைவனுக்கு வலிக்குமே என்று பாண்டிய மன்னன் ஒருவன் வேண்டிக்கொள்ள, கால் மாற்றி ஆடினார் என்பது கதை. எனக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி பேரனுக்கு இதைத் தானே நின்று ஆடிக்காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். சிலை எந்தக் கால் என்று எனக்கு இனி மறக்காது.

வெளியே வந்ததும் ஒரு பருத்திப்பால். பருத்திக் கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்து, சுக்கும் ஏலக்காயும் தட்டிப்போட்டு, கொதிக்கக் கொதிக்கக் கொடுப்பார்கள். கஞ்சிக்கும் பாயசத்துக்கும் நடுவில் ஒரு பதம். அடியில் தேங்காய்த் துருவல் தட்டுப்படும். ஒரு டம்ளர் உள்ளே போனால் பத்து மணி வரைக்கும் பசிக்காது.

[காட்சி: கோயிலை மையமாக வைத்து, ஒன்றைச் சுற்றி ஒன்றாகச் சதுர வீதிகள் வரையப்படுகின்றன.]

இப்போது நடை. மதுரையில் வழி கண்டுபிடிக்க கூகுள் மேப் தேவையில்லை, தமிழ் மாதங்கள் தெரிந்தால் போதும். மதிலுக்கு உள்ளே ஆடி வீதி. மதிலை ஒட்டி வெளியே சித்திரை வீதி. அதைச் சுற்றி ஆவணி மூல வீதி. அதற்கும் வெளியே மாசி வீதி. ஒவ்வொன்றுக்கும் கீழ, மேல, தெற்கு, வடக்கு என்று நான்கு பக்கம். கடைசிச் சுற்று வெளி வீதி. எந்தத் திருவிழாவுக்குச் சாமி எந்த வீதியில் வலம் வருமோ, அந்த மாதத்தின் பெயர் வீதிக்கு.

ஆனால் ஒரு முரண். சித்திரைத் திருவிழாத் தேர் சித்திரை வீதியில் ஓடுவதில்லை, மாசி வீதிகளில் ஓடுகிறது. மாசியில் நடந்துவந்த திருக்கல்யாண விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்குவதோடு சேர்த்துவிட்டார் என்கிறார்கள். விழா மாதம் மாறியது, தேரின் தடம் மாறவில்லை.

வெளி வீதிக்கு இன்னொரு கதை. ஊரைச் சுற்றிக் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 1837-இல் பிளாக்பர்ன் என்ற கலெக்டர் காலத்தில் சுவரை இடித்து, அந்த மண்ணாலேயே அகழியைத் தூர்த்து வீதிகள் போட்டார்கள். வேலையைப் பார்த்த பெருமாள் மேஸ்திரிக்கும் மாரெட்டுக்கும் ஆளுக்கொரு தெருப்பெயர் கிடைத்தது. கலெக்டருக்குக் கிடைத்தது ஒரு விளக்குத்தூண். இன்று அந்தப் பெயரைச் சொன்னால் மதுரைக்காரர்களுக்கு ஜிகர்தண்டாதான் நினைவுக்கு வரும். அதற்கு ராத்திரி வருவோம்.

[காட்சி: மேலமாசி வீதி. கதர்க்கடை. மாடி ஜன்னல்கள்.]

மேலமாசி வீதியில் ஒரு கதர்க்கடை இருக்கிறது. மேலே ஏறிப் பாருங்கள். 1921 செப்டம்பர் 22 அன்று, இந்த வீட்டில் தங்கியிருந்தபோதுதான் காந்தி தன் உடையை இடுப்பு வேட்டியாகக் குறைத்துக்கொண்டார். வழியெல்லாம் உடுத்தத் துணியில்லாத ஏழைகளைப் பார்த்துவிட்டு எடுத்த முடிவு. கீழே துண்டும் சட்டைத் துணியும் விற்றுக்கொண்டிருக்கிறார்கள். நான் ஒரு கைக்குட்டை வாங்கினேன்.

அப்புறம் திருமலை நாயக்கர் மகால். சிறிய கட்டணம் உண்டு. 1636-இல் கட்டியது. இப்போது நிற்பது முழு அரண்மனையில் கால்வாசிதான், பேரன் சொக்கநாத நாயக்கர் பெரும்பகுதியைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோய்விட்டார். அந்தக் கால்வாசியே கழுத்து வலிக்கும் அளவுக்கு உயரம். தூண்களில் காதல் ஜோடிகள் பெயர் கிறுக்கிவைத்திருப்பதைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. அரை மணி நேரம் போதும். பத்தரைக்கெல்லாம் வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது.

[காட்சி: லாட்ஜ் அறை. சுற்றும் மின்விசிறி.]

அறை விஷயம். நிலையத்தைச் சுற்றி லாட்ஜுகள் நிறைய. நான் எடுத்த ஒன்றில் "ஹாட் வாட்டர் உண்டு" என்றார்கள். உண்டுதான், ஒரு வாளிக்கு இருபது ரூபாய் தனியாக. அறையைப் பார்த்து, குழாயைத் திறந்து பார்த்து, பிறகு பணம் கொடுங்கள். எனக்கு 700 ஆனது. உறுதியான ரயில் டிக்கெட் இருந்தால் நிலையத்தின் ஓய்வறையையும் ஆன்லைனில் கேட்டுப் பார்க்கலாம். கிடைத்தால் அதிர்ஷ்டம்.

மூன்று மணி வரை தூக்கம். பிறகு டவுன் பஸ் பிடித்துக் காந்தி அருங்காட்சியகம். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து கட்டணம் இல்லை, அதனால் பயணச் செலவு சுத்தமாக விழுந்துவிட்டது. அருங்காட்சியகத்துக்கும் கட்டணமில்லை. ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனைதான் கட்டிடம். 1959-இல் நேரு திறந்துவைத்தது. உள்ளே ஒரு அறையில் காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த துணி, ரத்தக்கறையோடு. காலையில் மேலமாசி வீதிக்குப் போய்விட்டு வந்தவர்களுக்கு, இங்கே நிற்கும்போது பேச்சு வராது.

[காட்சி: வண்டியூர் தெப்பக்குளம். சாயங்கால வெளிச்சம். கரைச் சுவரில் உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள்.]

மகால் கட்டச் செங்கலுக்கு மண் தோண்டிய பள்ளம்தான் 1645-இல் இந்தத் தெப்பக்குளமாக ஆனது என்பார்கள். தோண்டும்போது கிடைத்த பிள்ளையார்தான் கோயிலில் இருக்கும் முக்குறுணி விநாயகர். மகாலின் செங்கலும் கோயிலின் பிள்ளையாரும் இந்தக் குழிக்குள்ளிருந்து வந்தவை! கரைச் சுவரில் உட்கார்ந்தேன். சுண்டல் பத்து ரூபாய். ஆறு மணிக்கு மேல் ஊரே இங்கே காற்று வாங்குகிறது.

[காட்சி: இரவு. விளக்கொளியில் கோபுரம்.]

ஒன்பது மணிக்குத் திரும்பவும் கோயில். தவறவிடக் கூடாத நேரம் இது. இங்கே சிவனுக்குப் பெயர் சொக்கநாதர். அவருடைய திருப்பாதங்களைப் பல்லக்கில் வைத்து, அம்மன் சன்னதியில் இருக்கும் பள்ளியறைக்குக் கொண்டுபோவார்கள். நாதஸ்வரமும் மேளமும் கல் மண்டபத்தில் மோதித் திரும்பும். சாம்பிராணிப் புகையில் பல்லக்கு பாதிதான் தெரியும். பக்கத்தில் நின்றவர் கடையைச் சாத்திவிட்டு அப்படியே வந்திருந்தார். தினமும் வருவாராம். ஊழியர் ஒருவர் எல்லாரையும் வாசல் பக்கம் மெல்ல நகர்த்த, ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டே வந்தார்கள்.

வெளியே வந்தால் தெருவோரத்தில் ஆவி பறக்கும் இட்லிக் கொப்பரை. நான்கு வகைச் சட்னி, கேட்டால் திரும்ப ஊற்றுவார்கள். கறி தோசை வேண்டுமானால் கொஞ்சம் கூடுதல் செலவு: தோசை மேல் முட்டை, முட்டை மேல் கொத்துக்கறி. கடைசியில் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. பாதாம் பிசின், நன்னாரி, சுண்டக் காய்ச்சிய பால், மேலே ஐஸ்கிரீம். ஸ்பூனால் கலக்கிவிடாதீர்கள். மேலிருந்து கீழே வெட்டி எடுக்க வேண்டும் என்று கடைக்காரர் என்னைத் திட்டினார்.

[காட்சி: விடியல். கீழக்குயில்குடி சமணர் மலை. அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில்.]

ஞாயிறு. முதல் டவுன் பஸ்ஸில் கீழக்குயில்குடி. பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம். ஒரு சுனை, அதற்கு மேலே பாறையில் வரிசையாக எட்டுச் சமணச் சிற்பங்கள், அடியில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து. ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழையவை. மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு. குகையில் அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரரை, அதாவது சமணர்கள் வணங்கும் அருளாளரை, செட்டியார் என்று ஊர்மக்கள் நினைத்ததில் வந்த பெயர். தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள், மேலே எதுவும் கிடைக்காது. ஒன்பதுக்குள் இறங்கிவிடுங்கள், பாறை சுட ஆரம்பித்துவிடும்.

[காட்சி: கீழடி அருங்காட்சியகம். செட்டிநாட்டு வீடு போன்ற முற்றம்.]

மதியத் தூக்கத்துக்குப் பிறகு கீழடி. ராமநாதபுரம் சாலையில் சிலைமான் தாண்டி, ஊரிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் வாக்கில். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம். கி.மு. 6-ஆம் நூற்றாண்டு வரை போகும் பொருட்கள் இங்கே கிடைத்திருக்கின்றன. தங்கத்தை விட எனக்குப் பிடித்தவை பானை ஓடுகள். ஒன்றில் 'ஆதன்' என்ற பெயரைத் தமிழியில், அதாவது தமிழின் மிகப் பழைய எழுத்தில், கீறியிருக்கிறது. எங்கள் வீட்டு எவர்சில்வர் தூக்கில் கடைக்காரர் மிஷினால் அம்மா பெயரை வெட்டிக் கொடுத்தது போலத்தான். ஆதன் வீட்டில் பானையை யாரோ இரவல் வாங்கிப்போய்த் திருப்பித் தரவில்லை போலிருக்கிறது.

[காட்சி: இரவு நேர பிளாட்பாரம். நோட்டுப் புத்தகத்தில் கணக்கு எழுதும் கை.]

ரயிலுக்குக் காத்திருக்கும்போது கணக்குப் போட்டேன். ரயில் போகவர, அறை, சாப்பாடு, நுழைவுக் கட்டணங்கள், பொருள் வைப்பறை, அந்த வாளித் தண்ணீர், வீட்டுக்கு வாங்கிய இரண்டு முழம் மல்லிகை, கைக்குட்டை எல்லாம் சேர்த்து 2,240 ரூபாய். கையில் 260 மிச்சம். பழைய ஆட்டோ 150-ஐ இதில் கழித்துக்கொள்ளலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். அதற்குள் ரயில் வந்துவிட்டது.